எழுத்துக் கூட்டும் காது

ஆனா, ஆவன்னா தொடங்கி அஃகன்னா வரை மூச்சு விடாமல் ஒப்புவிக்கும் நாலு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாளில் ‘கல்’ என்று எழுதிக் காட்டி, “இதை வாசியுங்கோ பாப்பம்” என்று கேட்டுப் பாருங்கள். “க... இல்...” என்று இழுத்து, “கயில்” என்று முடித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கும். இரண்டு எழுத்தும் அதற்குத் தெரியும். கல் என்றால் என்ன என்பதும் தெரியும்; கிணற்றுக்குள் கல்லெறிந்து ஏச்சு வாங்காத பிள்ளை உண்டா? தெரிந்த எழுத்திலிருந்து தெரிந்த சொல்லுக்குப் போகும் வழிதான் இன்னும் பிடிபடவில்லை. அந்த வழியை ஒலியின் மூலம் காட்டிக்கொடுக்கும் முறையைத்தான் இப்போது போனிக்ஸ் என்கிறார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பது என்று நம் வீடுகளில் சொல்லிவந்ததும் அதைத்தான்.

பிரித்தானியாவில் 1992இல் வெளிவந்த ‘ஜொலி போனிக்ஸ்’ ஆங்கிலத்தை 42 ஒலிகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது. ஏ, பீ, சீ என்ற வரிசையை அது ஒதுக்கி வைத்துவிட்டு, எஸ், ஏ, ரீ, ஐ, பீ, என் ஆகிய ஆறு எழுத்தின் ஒலிகளோடு தொடங்குகிறது. அந்த ஆறைக் கொண்டே பல சின்னச் சொற்களை உடனே வாசித்துவிடலாம் என்பதே காரணம். இந்த யோசனை தமிழுக்கும் பொருந்தும். அதன் பயிற்சிகளைத்தான் அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. தமிழ் எழுத்தின் கட்டுமானம் வேறு. வீட்டில் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்புச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் தாய் தகப்பனுக்கு வேண்டிய கருவிகளில் பெரும்பகுதி நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

பேச்சை யாரும் பாடம் வைத்துக் கற்பிப்பதில்லை. வீட்டார் கதைப்பதைக் கேட்டே பிள்ளை கதைக்கத் தொடங்கிவிடும். எழுத்து அப்படி வருவதில்லை. மனிதர் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று ஒரு தனி உறுப்பு மூளையில் உருவாக அந்தக் காலம் போதாது. ஆகவே மூளை வேறு வேலைக்கு இருந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. முகங்களையும் பொருள்களையும் இனங்காணும் பகுதியில், இடப்பக்கத்து மூளையின் அடியில் பின்புறமாக, ஒரு சிறு பரப்பு எழுத்துக்கென்று பழக்கப்படுகிறது. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டனிஸ்லாஸ் டெஹேன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எந்த மொழியை வாசிப்பவருக்கும் இந்தப் பரப்பு ஏறத்தாழ அதே இடத்தில்தான் அமைகிறது.

அந்தப் பரப்பு எப்போது விழித்துக்கொள்கிறது என்பதற்கு 2010இல் வெளியான ஓர் ஆய்வு விடை தந்தது. சுவிற்சர்லாந்தில் வாசிக்கத் தெரியாத முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு, எழுத்தையும் அதன் ஒலியையும் பொருத்தும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் பிள்ளைகள் விளையாடிய நேரம் எல்லாமாகச் சேர்த்து நாலு மணித்தியாலம்கூட இல்லை. அதற்குள்ளேயே எழுத்தைப் பார்க்கும்போது அந்தப் பரப்பு தனித்துச் செயற்படத் தொடங்கிவிட்டது. எழுத்தைக் கண்ணால் பார்த்துப் பழகுவது மட்டும் போதாது, அதை ஒலியோடு முடிச்சுப் போட வேண்டும் என்பதும், அதற்கு நீண்ட நேரம் தேவையில்லை என்பதும் இதிலிருந்து தெளிவாகின்றன. நாளுக்குப் பத்து நிமிடம், ஆனால் நாள் தவறாமல் என்ற கணக்கு வீட்டுக்குத் தாராளம்.

எழுத்துக்கூட்டாமல் சொல்லை முழுப் படமாக மனத்தில் பதித்தால் என்ன என்று கேட்கலாம். பருத்தித்துறை பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் ஊர்ப் பெயரைச் சொல்லும் பிள்ளை அதைத்தான் செய்கிறது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மக்கான்டிலிஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக உருவாக்கிய ஓர் எழுத்துமுறையைப் பெரியவர்களுக்குக் கற்பித்தார்கள். எழுத்தை ஒலியோடு பொருத்திக் கற்ற சொற்களைக் கண்டபோது தேர்ந்த வாசகரிடம் காண்பதுபோல இடப்பக்க மூளை செயற்பட்டது. முழு உருவமாகக் கற்ற சொற்களுக்கு வலப்பக்கம் செயற்பட்டது. படமாக மனனம் செய்த பிள்ளை ஐம்பது சொல் சொல்லும். ஐம்பத்தோராவது சொல் வந்தால் ஊகிக்கும்.

ஆங்கிலத்தின் சண்டை, தமிழின் சிக்கல்

ஆங்கில உலகம் இதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் சண்டை பிடித்தது. வாசிப்பு என்பதே ஒருவகை ஊகிக்கும் விளையாட்டு என்று அமெரிக்கக் கல்வியாளர் கென் குட்மன் 1967இல் எழுதினார். அந்தச் சிந்தனை வகுப்பறைகளை நீண்ட காலம் ஆண்டது. 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஒலியையும் எழுத்தையும் முறையாகக் கற்பிப்பதே மேல் என்றது. இங்கிலாந்து, வாசிப்புக் கற்பித்தல் பற்றிய 2006இன் ரோஸ் அறிக்கைக்குப் பிறகு அந்த வழிக்கு மாறி, 2012 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் எழுத்துக்கூட்டும் திறனை நாடு முழுவதும் சோதித்து வருகிறது.

இத்தனை சண்டைக்கும் ஆங்கிலத்தின் தாறுமாறான எழுத்துக்கூட்டலும் ஒரு காரணம். பிலிப் சீமோர் குழுவினர் 2003இல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றை ஒப்பிட்டார்கள். முதலாம் ஆண்டு முடிவில் பின்லாந்துப் பிள்ளைகள் எளிய சொற்களில் 98 வீதத்தைச் சரியாக வாசித்தார்கள்; ஆங்கிலம் கற்ற ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் 34 வீதத்தையே வாசித்தார்கள். எழுதியபடி ஒலிப்பதில் தமிழ் பின்லாந்து மொழிக்குக் கிட்ட நிற்கிறது. அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு வாசிப்பு ஓராண்டில் கைவர வேண்டுமே?

247 எழுத்து என்ற தொகை குறுக்கே வருகிறது. எழுத்தின் தொகை பெருகும்போது காலமும் நீளும். சோனாலி நாக் 2007இல் கன்னடப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு, அட்சரங்கள் முழுவதும் கைவசமாக மூன்று நாலு ஆண்டுகள் பிடிப்பதையும், தனி ஒலிகளைப் பிரித்தறியும் திறன் தாமதமாகவே வருவதையும் காட்டியது. ஆனால் 247 என்பது எண்ணிப் பயமுறுத்தும் தொகை. பிள்ளை உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியவை உயிரும் மெய்யுமாக 30 வடிவம், ஆய்தம், பத்தளவான உயிர்க்குறிகள், வடிவம் மாறி மாறி வரும் உகர ஊகார வரிசைகள் ஆகியவைதான். மிச்சமெல்லாம் கூட்டினால் வருபவை. 247ஐயும் அட்டவணையில் மனனம் செய்யவிடுகிற வீட்டில், கூட்டல் விதியைக் கண்டுபிடிக்கும் வேலை சத்தமில்லாமல் பிள்ளையின் தலையில் விழுகிறது.

எழுத்துக்கு முன்னால் சத்தம்

1979இல் ஜோசே மொராய்ஸ் குழுவினர் போர்த்துக்கல் கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லைச் சொல்லி, அதன் முதல் ஒலியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லக் கேட்டார்கள். பெரும்பாலானோரால் முடியவில்லை. பிற்காலத்தில் எழுத்துக் கற்றவர்கள் செய்தார்கள். பேச்சு ஒரே ஓட்டமாக வருவது. அதற்குள் தனி ஒலிகள் இருப்பதைக் காது தானாகக் கண்டுகொள்வதில்லை. ஆகவே எழுத்தட்டைக்கு முன்னால் காதுக்குப் பயிற்சி வேண்டும். லினெட் பிராட்லியும் பீற்றர் பிரையன்ரும் 1983இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்வு, ஒத்த ஒலியுள்ள சொற்களைச் சேர்க்கப் பழகிய பிள்ளைகள் பிறகு வாசிப்பில் முன்னே நின்றதைக் காட்டியது.

இங்கேதான் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சொத்து இருக்கிறது. ஆங்கிலப் பாட்டில் சொல்லின் வால் ஒத்துவரும். தமிழ்ப் பாட்டில் மோனை முதல் ஒலியைக் காட்டிக்கொடுக்கிறது. எதுகை, முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க, இரண்டாம் எழுத்திலிருந்து ஒத்துப்போகிறது. பட்டம், வட்டம், கட்டம், மட்டம், சட்டம் என்று அடுக்கினால் அது எதுகை. முதல் அட்டையை மட்டும் மாற்றி மாற்றி வைத்தால் அதுவே போனிக்ஸ் ஆசிரியர்கள் ‘சொற்குடும்பம்’ என்று சொல்லும் பயிற்சி. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டையோ கத்தரி வெருளிப் பாட்டையோ தாளம் போட்டுப் பாடும் பிள்ளை, பாட்டென்று நினைத்துக்கொண்டே ஒலிப்பயிற்சி செய்கிறது.

மூன்று மூன்றரை வயதில் இதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. குசினியில் மரக்கறி வெட்டும்போதே விளையாடலாம். “‘க’ எண்டு தொடங்கிற சாமான் என்ன இருக்கு?” என்று கேட்டால் கத்தரிக்காய், கரட், கறிவேப்பிலை என்று வரும். ‘பலாப்பழம்’ என்று சொல்லி ஒவ்வோர் அசைக்கும் கைதட்டலாம். பிறகு கொஞ்சம் கடினமாக்கி, “‘மாடு’விலை ‘மா’வை எடுத்துப்போட்டு ‘ஆ’ வைச்சால் என்ன வரும்?” என்று கேட்கலாம். ‘ஆடு’ என்று பிள்ளை கத்தும் நாளில் அது எழுத்துக்குத் தயாராகிவிட்டது.

‘இல்’ என்ற தடைக்கல்

இனித் தொடக்கத்தில் பார்த்த ‘கயில்’லுக்கு வருவோம். உயிர்மெய் எழுத்தின் பெயரும் ஒலியும் தமிழில் ஒன்றுதான். ‘க’வின் பெயர் ‘க’. ஆங்கிலத்துக்குக் கிடைக்காத வசதி இது. மெய்யெழுத்தில்தான் இடறுகிறது. மெய்யைத் தனியே உச்சரிப்பது கடினம் என்பதால் இக், இங், இச் என்று முன்னால் ஓர் இகரம் வைத்துச் சொல்லிப் பழக்குகிறோம். பிள்ளை அந்த இகரத்தையும் ஒலியென்று நம்பிக் கூட்டுகிறது. ‘அம்மா’ அதன் வாயில் ‘அ-இம்-மா’ ஆகிறது.

இதற்கு மருந்து எளியது. தொடக்கத்தில் மெய்யைத் தனியே பெயர் சொல்லிக் கேட்கக்கூடாது. புள்ளி வைத்த எழுத்து எப்போதும் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று காட்ட வேண்டும். ‘க’ என்ற அட்டையை வைத்து, “கஅஅஅ” என்று நீட்டிக்கொண்டே ‘ல்’ அட்டையைப் பக்கத்தில் நகர்த்துங்கள். அட்டை வந்து ஒட்டும் கணத்தில் நாக்கு மேலே போய் ஒட்ட வேண்டும்: “கஅஅல்”. அடுத்து ‘ல்’லை எடுத்துவிட்டு ‘ண்’ வையுங்கள். நீட்டிய ‘க’ இப்போது கண் ஆகிறது. ம், ன், ண், ல், ள், ர், ய் ஆகியவை இழுத்து நீட்டக்கூடிய ஒலிகளாதலால் அவற்றில் தொடங்குவது நல்லது. க், ட், ப் போன்றவை மூச்சை அடைத்து நிறுத்துபவை. அவை பக்கம், பட்டம், அப்பம் என்று இரட்டித்து வரும் சொற்களில் பிறகு வரட்டும். கண்ணாடிக்கு முன்னால் பிள்ளையோடு உட்கார்ந்து ‘ம்’முக்கு உதடு மூடுவதையும் ‘ல்’லுக்கு நாக்கு ஏறுவதையும் பார்க்கச் செய்யலாம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் எந்த ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்று விளக்குவது. அது வீட்டுக்கும் உதவும் பாடம்.

புள்ளியின் அருமை ஓலைச்சுவடியை எண்ணிப் பார்த்தால் விளங்கும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பெரும்பாலும் இடாமலே எழுதினார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டவில்லை. அந்த வேறுபாட்டை நிலைப்படுத்தியவர் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர். சுவடி வாசிப்பவருக்குச் சொல் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அச்செழுத்து வந்த பிறகுதான் தமிழ், தெரியாத சொல்லையும் கூட்டி வாசிக்கக்கூடிய எழுத்தாக முழுமை பெற்றது. தேவநாகரிபோல மெய்கள் ஒன்றோடொன்று பின்னிப் புதிய வடிவம் எடுக்கும் தொல்லையும் தமிழில் அநேகமாக இல்லை. புள்ளியிட்டு வரிசையாக நிற்கும்.

ஆறு எழுத்தில் ஒரு கடகம்

அகர வரிசைப்படி போனால் பன்னிரண்டு உயிரும் முடிந்த பிறகும் பிள்ளையால் ஓரெழுத்துச் சொல்லுக்கு மேல் வாசிக்க முடியாது. ஆகவே ப, ம, ட, க, ல, வ என்ற ஆறையும், புள்ளி வைத்த ம், ல் இரண்டையும் முதலில் எடுக்கலாம். படம், மடம், வடம், பல், கல், கடல், பகல், பலம், வலம், கடகம் எல்லாம் அதற்குள்ளேயே கிடைத்துவிடும். நல்லூர்த் தேரின் வடத்தைப் பார்த்த பிள்ளை ‘வடம்’ வாசிக்கிறது. அம்மம்மாவின் பனையோலைக் கடகத்தைப் பார்த்த பிள்ளை ‘கடகம்’ வாசிக்கிறது. வாசிப்பு என்பது தனக்குத் தெரிந்த உலகத்தோடு சேர்ந்த வேலை என்று முதல் வாரத்திலேயே அதற்குப் பட்டுவிடும்.

‘கடகம்’ இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. அதில் ககரம் இரண்டு முறை வருகிறது. முதலாவது வன்மையாகவும் இரண்டாவது தொண்டையில் நழுவி மென்மையாகவும் ஒலிக்கிறது. ‘தங்கம்’ என்றால் மூன்றாவது ஒலி. இதற்கு விதி சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் வன்மையாகக் கூட்டிப் பார்த்தாலும், தனக்குத் தெரிந்த சொல்லை நெருங்கியதும் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். அதற்காகத்தான் தொடக்கச் சொற்கள் பிள்ளை வாயில் ஏற்கெனவே புழங்கும் சொற்களாக இருக்க வேண்டும்.

அடுத்தது கால். கல்-கால், பல்-பால் என்று சோடியாக வைத்து, குறிலுக்கு ஒரு கைதட்டும் நெடிலுக்குக் கையை விரித்து நீட்டுவதுமாக மாத்திரையை உடம்பிலேயே பழக்கலாம். கையெழுத்தில் ‘ா’வும் ‘ர’வும் மயங்கும், அச்சில் உற்றுப் பார்க்கச் செய்ய வேண்டும். பிறகு இகர ஈகாரம்: படி, மடி, வடலி. எகரம் முதல் ஓகாரம் வரையான குறிகளை வேண்டுமென்றே பிந்திப் போடுங்கள். ‘பனை’யில் கண் முதலில் காண்பது ஐகாரக் குறியை, வாய் முதலில் சொல்ல வேண்டியது னகரத்தை. கண்ணும் காதும் இப்படி எதிரெதிரே போகும் இடத்தில் வாசிப்புத் தாமதிக்கும் என்பதை வைத், குப்தா ஆகிய ஆய்வாளர்கள் 2002இல் இந்தியின் இகரக் குறியை வைத்துக் காட்டினார்கள். ‘கௌ’வின் பின்னால் நிற்பது ளகரம்போலவே இருப்பது இன்னொரு பொறி, ஔகாரம் அரிதாகத்தான் வரும், அது காத்திருக்கலாம். உகரத்தில் கு, டு, மு, ரு ஒரு பாங்கு. து, நு, லு, று இன்னொன்று. பு, யு, வு மூன்றாவது. பாங்கு பாங்காகப் பிரித்துக் கொடுத்தால் பாரம் குறையும்.

பிள்ளை கூட்டுகிறதா, படமாக நினைவில் வைத்துச் சொல்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. ‘மபல்’, ‘கலட’ என்று பொருளற்ற சொல்லொன்றை எழுதி, “இது ஒரு பூதத்தின்ரை பேர், வாசியுங்கோ” என்று கொடுங்கள். வாசித்தால் கூட்டத் தெரிந்துவிட்டது.

அரிசியும் மணலும்

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறோம். திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதியே அரிவரி பழகினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை மேற்பார்க்க வந்த ஸ்கொட்லாந்துக்காரர் அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். அது சேர்ந்த அவரது கற்பித்தல் முறை, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போயிற்று. கையெழுத்தின் பயனை ஆராய்ந்த கரின் ஜேம்ஸ் 2012இல் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்தார். தாமே கையால் எழுதிப் பழகிய எழுத்துக்களைப் பார்த்தபோது வாசிப்புக்குரிய பகுதிகள் செயற்பட்டன. தட்டச்சுச் செய்தோ கோட்டின் மேல் வரைந்தோ பழகியவற்றுக்கு அந்த அளவு செயற்படவில்லை. எழுதும்போதே அதன் ஒலியை வாய் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டால், கோட்டின் மேல் வரையவிடும் புத்தகத்தைவிட முற்றத்து மணலே மேல்.

யாழ்ப்பாண நாக்கும் புத்தகத் தமிழும்

யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடும்; பழமும் வாழையும் பிள்ளையின் காதில் ‘பளம்’, ‘வாளை’. வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலிகளைக் கொண்ட சொற்களைப் பிரித்து வாசிப்பது பிள்ளைகளுக்குக் கடினம் என்பதை அரபு மொழியை ஆராய்ந்த எலினோர் சயேக் ஹதாத் 2003இல் காட்டினார். நாமும் ழகரத்தைத் தனியே, நாக்கை வளைத்துக் காட்டி, பொறுமையாகக் கொடுக்க வேண்டும். மறுபக்கம், காற்று, நேற்று ஆகியவற்றின் ‘ற்ற’ ஒலியை யாழ்ப்பாணம் நுனிநாக்கில் துல்லியமாக வைத்திருக்கிறது. அதே ஒலியை ஆங்கிலச் சொற்களுக்கும் பயன்படுத்தி ‘ரிக்கற்’, ‘ரீச்சர்’ என்று எழுதுகிறோம். அங்கே ரகரம் வேறு ஒலி தருவதால் அந்தச் சொற்கள் முதற் பாடத்துக்கு வேண்டாம்.

ஒலியைவிடப் பெரிய இடைவெளி நடையில் இருக்கிறது. வீட்டில் ‘கதைக்கிறார்’, ‘வந்திட்டினம்’. புத்தகத்தில் ‘பேசுகிறார்’, ‘வந்துவிட்டனர்’. பிலிப் கஃபும் வில்லியம் ரன்மரும் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கலாக எழுதினார்கள்: எழுத்துக்கூட்டும் திறன், பெருக்கல் மொழியை விளங்கும் திறன். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். எனவே எழுத்துப் பயிற்சிக்குப் பத்து நிமிடம் என்றால், பிள்ளையை மடியில் வைத்துக் கதை வாசித்துக் காட்ட இன்னொரு பத்து நிமிடம் வேண்டும். எழுத்துத் தமிழ் காதில் விழ வேறு வழி வீட்டில் குறைவு. வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், அதையடுத்துப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி அச்சிட்டார். அரிவரி முடித்த பிள்ளைக்கு அடுத்து வாசிக்க அதன் தரத்துக்கேற்ற உரைநடை வேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது.

அவசரம் வேண்டாம்

இலங்கையில் பிள்ளை ஐந்து வயது நிறைந்து தரம் 1க்குப் போகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலின் நிழல் முன்பள்ளி வரை நீள்கிறது. பின்லாந்தில் பள்ளி தொடங்குவது ஏழு வயதில். செபஸ்தியன் சக்கேட் நியூசிலாந்தில் ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பதினொரு வயதளவில் இரு சாராரின் வாசிப்புத் திறனிலும் வேறுபாடு இருக்கவில்லை. ஆகவே நாலு வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்கிறதே என்று கலங்கத் தேவையில்லை. தரம் 1 முடிந்தும் இரண்டெழுத்துச் சொல்லைக் கூட்ட முடியாவிட்டால், ஒத்த ஒலியைக் கண்டுபிடிக்கத் தொடர்ந்து தவறினால், அப்போது செவியையும் கண்ணையும் பரிசோதித்துவிட்டு வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். அதைச் சோம்பல் என்று ஏசுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

பிள்ளை பிழையாகக் கூட்டும்போது முழுச் சொல்லையும் நாமே சொல்லிவிட வாய் உந்தும். அதை அடக்கிக்கொண்டு, தடுக்கிய எழுத்தை மட்டும் விரலால் காட்டி, “இதின்ரை சத்தம் என்ன?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்தச் சில வினாடிகளில் கூட்டிக் கண்டுபிடித்த சொல் பிள்ளைக்குச் சொந்தம். அடுத்த முறை அது எழுத்துக்கூட்டாமலே வரும்.